கரண்ட் போனால்தான் போன் போகும்

சிங்கவரத்திலிருந்து வந்த புகார்களை முதலில் நான் நம்பவில்லை. போனில் சிக்னல் கோடு முழுசாக நிற்கிறது, ஆனால் யாரைக் கூப்பிட்டாலும் போகவில்லை என்றார்கள். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கரண்ட் கட் ஆனால் மட்டும் போன் நன்றாக எடுக்கிறது, கரண்ட் வந்ததும் செத்துவிடுகிறது என்று நாலைந்து பேர் சொல்லியிருந்தார்கள். டவருக்குக் கரண்ட் போனால் பேட்டரி ஓடும், பேட்டரி இறங்கினால் ஜெனரேட்டர் ஓடும். வீட்டில் ஃபேன் சுற்றுவதற்கும் டவர் வேலை செய்வதற்கும் என்ன சம்பந்தம்? சும்மா இரண்டையும் முடிச்சுப் போடுகிறார்கள் என்று நினைத்தேன்.

நான் செஞ்சிக்காரி. கடைத்தெருவில் எங்கள் நைனா பாத்திரக்கடை வைத்திருந்தார். அவருக்கு உடம்பு முடியாமல் போனதும் அண்ணன் அதை செல்போன் கடையாக மாற்றிவிட்டான். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, செல்போன் டவர்களைப் பராமரிக்கும் ஒப்பந்தக் கம்பெனி ஒன்றில் ஃபீல்டு இன்ஜினியராக இருந்தேன். செஞ்சியைச் சுற்றியிருந்த டவர்கள் என் பொறுப்பில் இருந்தன. என் மேலதிகாரி விழுப்புரத்தில் ஏசி அறையில் இருந்தார். வந்த புகார் இரண்டு நாளில் 'முடிந்தது' என்று ஆகிவிட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய தொழில். சிங்கவரம் புகார்களையெல்லாம் 'வாடிக்கையாளரின் போனில் பழுது' என்று எழுதி மூடச் சொன்னார். மூடினேன். எட்டுப் புகார்கள். வீட்டில் உட்கார்ந்து டீயில் பிஸ்கட்டை நனைத்துத் தின்றுகொண்டே ஒவ்வொன்றாக மூடினேன்.

அடுத்த வாரம் அங்கே ஒருவரைப் பாம்பு கடித்தது.

ஊருக்கு வெளியே தன் கொல்லை நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தவர். செடியோடு சேர்த்துக் கண்ணாடி விரியனையும் பிடித்திருக்கிறார். அது கையை விட்டுவிட்டுக் கணுக்காலில் கடித்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு முடியாமல் போனதாக ஊர்க்காரர்கள் சேர்ந்து கலெக்டருக்கு மனுக் கொடுத்தார்கள். மேலதிகாரிக்கு அப்போதுதான் வேர்த்தது. "போய் நேர்ல பாரும்மா. எதுவா இருந்தாலும் நம்ம தப்பு இல்லன்னு வர்ற மாதிரி எழுது" என்றார்.

போனேன். கடிபட்டவரின் மனைவி மாற்றுத் துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவளாக இருப்பாள். வாசலில் நின்றபடியே தன் போனை எடுத்துக் காட்டினாள். நூற்றெட்டுக்குப் பதினான்கு முறை கூப்பிட்டிருக்கிறாள். நடுநடுவே அக்கம்பக்கத்துக்காரர்களின் எண்கள். எதுவும் போகவில்லை. பொதுவாக அவசர அழைப்பை நம் சிம்முக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு கம்பெனி டவர் எடுத்துக்கொள்ளும். அங்கே எந்தக் கம்பெனி டவரும் எடுக்கவில்லை.

"கோடு முழுசா இருந்துச்சு மேடம். அதான் திரும்பத் திரும்ப அடிச்சேன். கோடே இல்லன்னா அப்பவே ரோட்டுக்கு ஓடியிருப்பேன். கோடு இருக்குதே, இப்பப் போயிடும், இப்பப் போயிடும்னு அடிச்சினே இருந்தேன். அரை மணி நேரம் ஆச்சு. அப்புறம் கரண்ட் கட்டாச்சு. உடனே போச்சு."

கரண்ட் கட் ஆனது கொல்லையில் இருந்தவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். பக்கத்துக் கொல்லையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, அது நின்றது என்றாள். மோட்டார் நின்ற அதே நிமிஷத்தில் ஆம்புலன்ஸ்காரர்கள் போனை எடுத்தார்கள்.

நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். அவளுடைய விரல் நகங்களில் கடலைக் கொல்லையின் செம்மண் இன்னும் அப்படியே இருந்தது. நான் டீ குடித்துக்கொண்டு மூடிய எட்டில் இரண்டு அந்தத் தெருவிலிருந்து வந்தவை.

நேராக டவருக்குப் போனேன். டவரின் காலடியில் ஒரு கேபின் இருக்கும், கருவிகள் எல்லாம் அதற்குள்தான். கேபிள் நுழையும் ஓட்டையை அடைக்காமல் விட்டதால் அதில் புறாக்கள் குடியேறியிருந்தன. கதவைத் திறந்ததும் எச்சத்தின் காரம் மூக்கில் ஏறியது. ஒரு மூலையில் எலியோ அணிலோ செத்து, மயிரும் எலும்புமாகத் தரையோடு ஒட்டிக் கிடந்தது. நான் மாதாமாதம் வந்து பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டிருந்த கேபின் அது. நான் மட்டுமில்லை, கேட்டுக்கு வெளியே நின்று போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுப் போவதுதான் எங்கள் எல்லோருடைய வழக்கமும். துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு லேப்டாப்பை மாட்டினேன்.

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். டவரும் போனும் பேசிக்கொள்வதற்கு இரண்டு பாதைகள் உண்டு. டவர் போனிடம் பேசுவது ஒரு அலைவரிசை, போன் டவரிடம் பேசுவது இன்னொரு அலைவரிசை. போனில் தெரியும் கோடு முதல் பாதையைத்தான் காட்டும். டவர் பேசுவது உனக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதுதான் அந்தக் கோடு. நீ பேசுவது டவருக்குக் கேட்கிறதா என்பதை அது சொல்லாது. போனின் சத்தம் மிகவும் சன்னமானது. மைல் கணக்கில் தள்ளி நிற்கிற டவர் அந்தச் சன்னமான சத்தத்தைக் காது கொடுத்து வாங்க வேண்டும். அந்தக் காதருகே வேறு எவனாவது ஓயாமல் கத்திக்கொண்டிருந்தால் ஊரே கூப்பிட்டாலும் அதற்கு ஒன்றும் கேட்காது.

டவரின் காதில் விழும் இரைச்சல் எவ்வளவு என்பது நிமிஷத்துக்கு நிமிஷம் பதிவாகிறது. எடுத்துப் பார்த்தேன். இருக்க வேண்டியதைவிட முப்பது டெசிபல் ஏறியிருந்தது. டெசிபல் கணக்கில் பத்து ஏறினால் பத்து மடங்கு, இருபதென்றால் நூறு மடங்கு, முப்பதென்றால் ஆயிரம் மடங்கு. நடுநடுவே சில இடங்களில் சட்டென்று இறங்கிச் சுத்தமாக இருந்தது. சப்ஸ்டேஷனில் எனக்குத் தெரிந்தவரிடம் அந்த வாரம் எப்போதெல்லாம் கரண்ட் நிறுத்தினார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நிமிஷம் பிசகாமல் பொருந்தியது.

வீட்டுக் கரண்டில் ஓடும் ஏதோ ஒன்று, போன்கள் டவரிடம் பேசும் அலைவரிசையில் கத்திக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் மூன்று வாரமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

விழுப்புரத்திலிருந்து ஸ்பெக்ட்ரம் அனலைசரை வாங்கி வந்தேன். ஒரு டிபன் கேரியர் அளவு இருக்கும். காற்றில் எந்த அலைவரிசையில் எவ்வளவு சத்தம் என்று திரையில் வரைந்து காட்டும். ஒன்றும் இல்லாத இடத்தில் திரையின் அடியில் வெட்டிய புல் மாதிரி ஒரே மட்டமாக இருக்கும். சிங்கவரம் ரோட்டில் வைத்துப் பார்த்தபோது அந்தப் புல்லின் மேல் ஒரு மேடு எழும்பி நின்றது. அது ஓரிடத்தில் நிற்கவும் இல்லை. மெதுவாக இடமும் வலமும் ஊர்ந்தது. ஒரு முறையான கருவி அனுப்பும் அலை அப்படி ஊராது. மீன் முள் மாதிரி இருக்கும் பழைய டிவி ஆன்டெனா போன்ற ஒன்றைக் கையில் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். எந்தப் பக்கம் மேடு உயருகிறதோ அந்தப் பக்கம் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம்.

புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும். எங்கள் ஊரில் மலைகளும் அவற்றின் மேல் குவிந்து கிடக்கும் பாறைகளும் இருக்கின்றன. அலை அவற்றில் பட்டுத் திரும்பி வரும். முதல் நாள் முழுக்க ஆன்டெனா செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலையையே காட்டியது. அடிவாரம்வரை போனேன். கறிக்கடைக்காரர்கள் கோழிக் குடலையும் இறகையும் மூட்டை மூட்டையாகக் கொட்டி வைத்திருந்த பள்ளம்தான் இருந்தது. வெயிலில் அது நுரைத்துக்கொண்டிருந்தது. நாய்கள் ஒரு மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தன. புழு நெளியும் சேற்றில் செருப்பை அழுத்தி மிதித்துவிட்டுத்தான் உறைத்தது, நான் துரத்தி வந்தது எதிரொலியை என்று. திரும்பி நின்று மலைக்கு முதுகைக் காட்டி ஆன்டெனாவைப் பிடித்தேன். ஊரின் கிழக்குத் தெரு பக்கம் அதைவிடப் பெரிய மேடு எழும்பியது.

மறுநாள் மூன்று இடங்களிலிருந்து திசை பார்த்து வரைபடத்தில் கோடு போட்டேன். மூன்றும் ஒரு மாடி வீட்டில் போய் முட்டின.

அந்த வீட்டுக்காரர் அரசு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சட்டையில்லாமல் வந்து கதவைத் திறந்தார். டவர் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும் சந்தோஷமாக மாடிக்குக் கூட்டிப்போனார். தண்ணீர்த் தொட்டியோடு ஒரு மூங்கிலைக் கம்பியால் கட்டி, அதன் உச்சியில் ஒரு ஆன்டெனா. மூடியில்லாத தொட்டிக்குள் பாசி படர்ந்து, அதில் ஒரு மைனா இறக்கை விரித்துச் செத்து மிதந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, அந்தத் தண்ணீர் கழுவ மட்டும்தான், குடிக்க இல்லை என்றார். ஆன்டெனாவிலிருந்து இறங்கிய ஒயர் மாடிப்படி அறைக்குள் போனது. அங்கே ஒரு மாடத்தில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. அதிலிருந்து இன்னொரு ஒயர் கூரையில் ஒட்டிய இன்னொரு ஆன்டெனாவுக்கு. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ஒரு கான்கிரீட் தளம் மட்டும்.

சிக்னல் பூஸ்டர். வெளியே இருக்கும் ஆன்டெனா டவரின் சத்தத்தைப் பிடிக்கும், பெட்டி அதைப் பெருக்கும், உள்ளே இருக்கும் ஆன்டெனா அதை வீட்டுக்குள் விடும். போன் பேசுவதையும் அதே மாதிரி பெருக்கி வெளியே அனுப்பும். இரண்டு ஆன்டெனாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், ஒன்று வெளியே விடுவதை இன்னொன்று பிடித்துத் திரும்ப உள்ளே அனுப்பும். பெட்டி அதையும் பெருக்கும். சுற்றிச் சுற்றி ஏறிக்கொண்டே போகும். கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கருக்கு எதிரே நீட்டினால் காதைக் கிழிக்கிற மாதிரி ஊளையிடும் இல்லையா, அதேதான். மண்டபத்தில் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்ப்பார்கள். இந்த ஊளை மனிதக் காதில் விழாது என்பதால் ஒருவரும் திரும்பவில்லை. நல்ல பெட்டி என்றால் ஊளையிட ஆரம்பித்ததுமே தானாக அடங்கிவிடும். தேவையில்லாத அலைவரிசைகளை வடிகட்டும் ஃபில்டரும் இருக்கும். இந்த மாதிரி மலிவுப் பெட்டியில் இரண்டும் இருக்காது. எல்லாக் கம்பெனி டவரின் காதிலும் ஒரே சமயத்தில் கத்தும்.

பெட்டியைத் தொட்டேன். சுட்டது. பிளக்கைப் பிடுங்கினேன். அனலைசரில் இருந்த மேடு அப்படியே உட்கார்ந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு சின்ன மேடு மட்டும் மிச்சம் இருந்தது. இன்னும் எங்கேயோ ஒன்று இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே பெட்டியைத் திருப்பினேன்.

பின்பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் எங்கள் கடையின் பெயர் இருந்தது. கீழே அண்ணனின் போன் நம்பர்.

வீட்டுக்காரர் பிளக்கை மறுபடி சொருகச் சொன்னார். இதனால் ஊரில் யாருக்கும் போன் போகவில்லை, பாம்பு கடித்தவருக்கு ஆம்புலன்ஸ்கூடக் கிடைக்கவில்லை என்று சொன்னேன். அவர் வயிற்றைத் தடவிக்கொண்டு கேட்டார். "எங்க வூட்ல நல்லாத்தான எடுக்குது? அடுத்தவங்களுக்கு எடுக்கலன்னா அவங்களும் ஒண்ணு வாங்கி மாட்டட்டும்."

ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பெட்டியை நான் முன்பே பார்த்திருக்கிறேன். ஒரு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அண்ணன் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து என்னிடம் நீட்டினான். சென்னையில் ஒருவர் மொத்தமாகத் தருகிறார், மலைக்குப் பின்னால் இருக்கிற ஊர்க்காரர்கள் சிக்னல் இல்லை சிக்னல் இல்லை என்று கடைக்கு வந்து அழுகிறார்கள், இது வேலை செய்யுமா என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றான். எங்கள் மாடியில் மாட்டிப் பார்த்தோம். ஒரு கோடு இருந்தது நாலு கோடு ஆனது. வேலை செய்யுது என்று சொன்னேன்.

பெட்டியில் எந்த அங்கீகார முத்திரையும் இல்லை. அதைப் பார்த்தேன். உரிமம் இல்லாமல் யாரும் இதை விற்கவோ வைத்திருக்கவோ கூடாது. அதுவும் எனக்குத் தெரியும். அலுவலகத்திலிருந்து அனலைசரை எடுத்து வந்து இன்னொரு பாதையில் என்ன வருகிறது என்று பார்த்திருக்கலாம். வயிறு நிறைந்திருந்தது, தூக்கம் வந்தது. வாடிக்கையாளர் மாதிரி கோட்டை எண்ணிவிட்டுக் கீழே இறங்கிப் படுத்துவிட்டேன்.

நான் படித்த கல்லூரியில் ரேடியோ அலைவரிசை லேப் ஒன்று இருந்தது. ஆய்வுக்கு ஆட்கள் வரும் நாளில் மட்டும் அதைத் திறந்து தூசி தட்டுவார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டுத்தான். அளவுகளைப் போன வருஷத்து மாணவர்களின் ரெக்கார்டு நோட்டிலிருந்து காப்பி அடித்தோம். அவர்கள் அவர்களுக்கு முந்தின வருஷத்திலிருந்து அடித்திருப்பார்கள். ஒரு பெருக்கி எப்போது தானே ஊளையிடத் தொடங்கும் என்பதற்கான நிபந்தனைகளை வாய்மொழித் தேர்வில் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தேன். ஆனால் எங்கள் மாடியில், இரண்டு ஆன்டெனாவையும் என் கையாலேயே எட்டடி இடைவெளியில் வைத்தபோது, அந்த நிபந்தனைகளில் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. படித்தது எதுவும் எனக்குள் எங்கேயும் ஒட்டவில்லை என்பது அந்த ஓய்வு பெற்றவரின் படிக்கட்டில் நின்றபோதுதான் தெரிந்தது.

அன்றைக்கே கடைக்குப் போனேன். அண்ணன் ஒரு போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான். வாடிக்கையாளர் போகும்வரை காத்திருந்து, எல்லாவற்றையும் சொன்னேன். பாம்பு கடித்த விஷயம் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. யார் யாருக்கு விற்றாய் என்று லிஸ்ட் கேட்டேன், எல்லாவற்றையும் திரும்ப வாங்க வேண்டும் என்றேன்.

"நீதான சொன்ன, வேலை செய்யுதுன்னு."

"தப்பாச் சொல்லிட்டேன். இப்ப லிஸ்ட்டக் குடுண்ணா."

அவன் கண்ணாடியின் ஓரத்தில் இருந்த காற்றுக் குமிழியை அட்டையால் தள்ளித் தள்ளி வெளியேற்றினான். பிறகு நிதானமாக ஒரு விஷயம் சொன்னான். சொல்லக்கூடாதது என்று அவனுக்குத் தோன்றவே இல்லை, அதனால்தான் சொன்னான் என்று நினைக்கிறேன்.

"மொத மொத அந்தத் தெருவுல ஒரு பீஸ்தான் போச்சு. பத்து நாள்ல பக்கத்து வூட்டுக்காரன் வந்தான், எனக்குச் சிக்னல் படுத்துடுச்சு, அவரு வாங்கினதே எனக்கும் குடுன்னு. அப்புறம் எதிர் வூடு. ஒண்ணு மாட்டுனா சுத்தி நாலு பேரு வர்றான். எனக்கு அப்பவே புரிஞ்சிச்சு."

"இன்னா புரிஞ்சிச்சு?"

"இதுக்கு விளம்பரமே வேணாம்னு."

அவன் சிரிக்கவில்லை. கடைக்கு நல்ல சரக்கு வாய்த்தது என்பதைச் சொல்லும் குரலில்தான் சொன்னான். என் அண்ணனை நான் முப்பது வருஷமாகப் பார்க்கிறேன். அவனுடைய பருத்த கட்டைவிரல் கண்ணாடியின் மேல் போய் வந்துகொண்டிருந்ததைப் பார்த்தபோது, ஒரே தட்டில் அவனோடு சாப்பிட்டு வளர்ந்ததை நினைத்து உடம்பு கூசியது. அந்த விரலை விலக்கத் தோன்றியது. விலக்கவில்லை. லிஸ்ட் கிடையாது, யார் வாங்கினார்கள் என்று எழுதி வைக்கிற பழக்கம் இல்லை என்றான். கல்லாவுக்குக் கீழே இன்னும் ஒன்பது பெட்டிகள் அடுக்கியிருந்தன.

அடுத்த பத்து நாள் மீன்முள் ஆன்டெனாவோடு தெருத் தெருவாகப் போனேன். ஒன்றை அணைத்தால்தான் அடுத்தது தெரியும். பெரிய ஊளைக்குப் பின்னால் சின்ன ஊளை ஒளிந்திருக்கும். மொத்தம் பதினாறு வீடுகள். சிலர் சொன்னதும் கழற்றிக் கையில் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். ஒரு வீட்டில் பூஸ்டருக்குப் பூப்போட்ட துணி தைத்துப் போர்த்தியிருந்தார்கள், சூட்டில் துணி கருகிப் பழுப்பாகியிருந்தது. அந்த ஓய்வு பெற்றவர் நான் போன மறுநாளே திரும்பச் சொருகிவிட்டிருந்தார். மறுபடி போய்க் கேட்டபோது, தான் இருபத்தெட்டு வருஷம் அரசாங்கத்துக்கு உழைத்தவன் என்றார்.

ஒவ்வொருவரிடமாகக் கெஞ்சி இதை முடிக்க முடியாது என்று தெரிந்தது. அலைவரிசைகளைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்துக்கு முறைப்படி அறிக்கை எழுத வேண்டும். மேலதிகாரியிடம் சொன்னபோது அவர் ஒரு வழி சொன்னார். கேபினில் ஒரு கேபிள் பழுது, மாற்றிவிட்டோம் என்று எழுதினால் எல்லோருக்கும் நல்லது. வெளியே இருந்து வந்த இடைஞ்சல் என்று எழுதினால், அந்த எட்டுப் புகாரைப் பார்க்காமல் ஏன் மூடினீர்கள் என்று கேள்வி வரும். விற்றது உன் கூடப் பிறந்தவன், அதையும் யோசித்துக்கொள் என்றார். என் அண்ணன்தான் என்று அவருக்கு யார் சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் குரலில் ஒரு குழைவு வந்திருந்தது. நாம் ரெண்டு பேரும் ஒரே குட்டையில் இருக்கிறோம் என்ற குழைவு. அந்தக் குழைவுதான் என்னை எழுத வைத்தது.

எட்டுப் புகாரையும் நானே மூடியதை எழுதினேன். எங்கள் மாடியில் சோதித்துவிட்டு வேலை செய்யுது என்று சொன்னதையும் எழுதினேன். கடையின் பெயரை எழுதினேன்.

சென்னையிலிருந்து இரண்டு அதிகாரிகள் ஒரு வேனில் வந்தார்கள். இரண்டு நாள் அளந்தார்கள். வீடுகளில் மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டார்கள். அரசாங்க முத்திரையைக் கண்டதும் ஓய்வு பெற்றவர் சட்டை போட்டுக்கொண்டு வந்து தானே மூங்கிலை அவிழ்த்துக் கொடுத்தார். கடைக்கு வந்து ஒன்பது பெட்டிகளையும் எடுத்து அண்ணனுக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள். கடைத்தெருவே வாசலில் நின்று பார்த்தது. டவரின் இரைச்சல் அன்று மாலை இருக்க வேண்டிய மட்டத்துக்கு இறங்கியது. அதற்குப் பிறகு சிங்கவரத்திலிருந்து அந்தப் புகார் வரவில்லை.

வீட்டில் நைனா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். பேசிய கடைசி நாள், சாப்பிட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல், "கூடப் பொறந்தவன கடைத்தெருவுல நிக்க வெச்சிட்ட" என்றார். குழம்பு அவர் மணிக்கட்டுவரை வழிந்தது. அம்மா இன்னொரு கரண்டி ஊற்றினாள். பாம்பு கடித்தவரைப் பற்றி அந்த வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை நான் அந்த வீட்டிலேயே இருந்திருப்பேன். அந்த மாதக் கடைசியில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்று கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. திண்டிவனத்தில் ஒரு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டேன். இப்போது அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை செய்கிறேன்.

கடிபட்டவர் பிழைத்துவிட்டார். ஆனால் கணுக்காலுக்கு மேலே சதை அழுகி, வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோலை எடுத்து ஒட்ட வேண்டியிருந்தது. கிட்னி கொஞ்ச நாள் நின்றுபோய், பிறகு பாதி திரும்பியது. அரை மணி நேரம் முன்னால் மருந்து ஏறியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்குமா என்று எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவரிடம் கேட்டேன். விஷ விஷயத்தில் ஒவ்வொரு நிமிஷமும் கணக்குத்தான், ஆனால் இதனால்தான் இது ஆனது என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொல்லியிருப்பார்.

கடிபட்டவர் வீடு திரும்பிய பிறகு ஒரு நாள் சிங்கவரத்துக்குப் போனேன். கட்டுப் பிரித்து மருந்து போடும் நேரம். காலிலிருந்து வந்த வாடை வாசல்வரை இருந்தது. அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஸ்டூலில் நீட்டியிருந்தார். மனைவி பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் சுளிக்கவில்லை. அந்தப் பெட்டிகளை விற்றது என் அண்ணன், அது நல்ல பெட்டி என்று சொன்னது நான் என்று இருவரிடமும் சொன்னேன். சொல்லிவிட்டு எதற்கும் தயாராக நின்றேன்.

அவள் புதுப் பஞ்சு ஒன்றை மருந்தில் நனைத்தாள். பிறகு மறுபடி துடைக்க ஆரம்பித்தாள். அவர்தான் பேசினார். "நாங்களும் ஒண்ணு வாங்கறதா இருந்தோம் மேடம். கடலைய வித்ததும் வாங்கலாம்னு இவகிட்ட சொல்லி வெச்சிருந்தேன்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "இப்பவும் வூட்டுக்குள்ள சிக்னல் வர்றதில்ல. கொல்லைக்குப் போனாத்தான் வருது. அதுக்கு இன்னா பண்றது?"

மலை மறைக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன டவர் போட்டால் போதும். நான் வேலையில் இருந்தபோதே இரண்டு முறை எழுதிக் கேட்டேன், அந்தப் பக்கம் ஆட்கள் குறைவு என்று பதில் வந்தது. அதைத்தான் அவளிடம் சொன்னேன். அவள் அழுக்குப் பஞ்சுகளை ஒரு கேரி பேக்கில் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டே, டீ குடிக்கிறீங்களா மேடம் என்று கேட்டாள்.